பிரேக் பிடிக்கிறது

மே 4, ஞாயிறு

இன்று முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கறி எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் சமைக்கக் கை சுத்தமில்லை. நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன மாதம் பல்லடம் ரோட்டுப் பக்கம் நடந்த மண்பாதை பைக் ரேஸில் வளைவில் திரும்பாமல் நேராகப் போய், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மோதி விழுந்தார். பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் வளைந்துவிட்டது. எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, பிரேக் பிடிக்கவில்லை.

அந்தப் பிரேக்கை மாட்டியது ஜாபர் அண்ணன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இவருக்குச் சிநேகிதர், இவர் பைக்கில் வேறு யாரையும் கை வைக்க விடாத மெக்கானிக். இந்த ரேஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் சொன்னால் அதோடு முடிந்தது. யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அதற்கப்புறம் அந்த வண்டியைத் தொடவும் மாட்டார். பிரித்துப் பார்த்தால் விழுந்தவனைப் பொய்யன் என்று சொல்வதாக ஆகிவிடுமாம். ஜாபர் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசல் வரைக்கும் வந்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் கூப்பிட்டும் நிற்கவில்லை.

இப்போது பொள்ளாச்சியில் யாரிடமிருந்தோ வேறொரு பைக்கின் ஃபோர்க்கும், பெரிய டிஸ்க் பிரேக்கும் வந்து இறங்கியிருக்கிறது. ஜாபர் அண்ணனைக் கூப்பிட இவருக்கு மனசில்லை. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஜாபருக்கு அவமானம் என்கிறார். மிச்சமிருப்பது நான். மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றுகிறவள், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவள். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டு இவர் உத்தரவு போட, நான் கைவேலை செய்கிறேன். மகாராஜாவுக்குக் கை மட்டும்தான் உடைந்திருக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. இவர் ஸ்கூல் வேன் டிரைவர், அன்றைக்கு வேனை இவர்தான் எடுக்கவேண்டும். கை உடைந்ததிலிருந்து லீவு விடுகிற வரைக்கும் வேறு டிரைவர் ஓட்டினார். அதற்குள் பைக் எழுந்து நிற்கவேண்டுமாம். பைக் நின்றால்தான் கை சரியானதுபோல் இருக்குமாம்.

பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடு என்றார். எடுத்துக்கொண்டு எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கேட்டைப் பார்த்துக்கொண்டு, லுங்கி ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தார். அப்புறம், என்ன கேட்ட என்றார். வலி மாத்திரை அப்படி மயக்குகிறது.

மே 6, செவ்வாய்

பாலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருக்கிறது. ஆண்பிள்ளையை நம்பி அடுப்பை விட்டது என் தப்பு.

மே 10, சனி

மாவுக்கட்டைக் காட்ட இவர் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். வருவதற்குள் முன்சக்கரத்தையும் பழைய பிரேக்கையும் இறக்கி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தோம். ஃபோர்க் வளைந்திருந்தாலும் சக்கரம் சுற்றியது. சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்காமல் பிரேக் லீவரைப் பிடித்தேன்.

சக்கரம் நின்றுவிட்டது.

டக்கென்று, அறைந்ததுபோல் நின்றது. நான் லீவரை விடாமல் இன்னொரு கையால் சக்கரத்தைத் திருகினேன். அசையவில்லை. விட்டேன், சுற்றியது. பிடித்தேன், நின்றது. பிரேக் ஆயில் டப்பா நிறைய ஆயில் இருந்தது. பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தால் பாதிகூடத் தேயவில்லை. எங்கேயும் கசிவில்லை. ஷெட் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, பழைய பிரேக்கு நல்லாத்தானுங்க புடிக்குது."

"சூட்டுல ஆயில் கொதிச்சிருக்கும். ஆறிப்போனா புடிக்கத்தான் செய்யும். உனக்கென்ன தெரியும்?"

அதுவும் சரிதான். தொடர்ந்து பிடித்துப் பிடித்துச் சூடேறினால் லீவர் உள்ளே போய்விடும் என்று ஜாபர் அண்ணனே முன்பு சொல்லியிருக்கிறார். மனசு கொஞ்சம் இறங்கியது. வீணாகப் பதறியிருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

டீ டம்ளரை நழுவவிட்டார். இடது கை பழக்கமில்லை.

மே 14, புதன்

புது ஃபோர்க்கின் தண்டு நம் பைக்குக்கு ஒத்துவரவில்லை, கீழ்ப்பக்கம் தடிமன். லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிவந்தேன். வீட்டுக்காரர் வரலீங்களா என்று லேத்துக்காரர் எனக்குப் பின்னாலேயே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவை நான் சொன்னதும் ஸ்கேலை எடுத்து அவரும் ஒரு தடவை அளந்துகொண்டார். சரியாகத்தான் இருந்தது. பின்னே.

மே 17, சனி

ஃபோர்க் ஏறிவிட்டது. எழுதவே பெருமையாக இருக்கிறது.

ஹேண்டில் திரும்புகிற கோன் செட்டில் கிரீஸை அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக உட்கார வைத்தேன். காயில் சுற்றுகிற விரலுக்கு அது ஒரு வேலையே இல்லை. புது ஃபோர்க் பழையதைவிட ஒரு சாண் உயரம். சக்கரத்துக்கு ஆக்சில் வேறு, நடுவில் புஷ் வேறு. டிஸ்க் நடுவில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிரேக்கை மாட்டினேன்.

பிரேக் ஹோஸுக்கு அளவெடுக்கும்போது இவர் ஒன்று சொன்னார். வண்டி தரையில் நிற்கும்போது அளக்கக் கூடாது. ஜம்ப்பில் வண்டி காற்றில் போகும்போது ஃபோர்க் முழுக்கக் கீழே நீண்டு தொங்கும், தரையில் அளந்த ஹோஸ் அப்போது இழுபட்டு அறுந்துவிடும். அதனால் சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டுத்தான் அளக்கவேண்டும். கண்ணெல்லாம் மின்ன அதைச் சொன்னார். எனக்கு இந்த மனுஷனைப் பிடித்துப்போனதே இப்படி எதையாவது விளக்கும்போது பார்த்துத்தான்.

அப்புறம் பிரேக்கில் ஏர் எடுத்தோம். ஒருவர் லீவரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும், இன்னொருவர் கீழே நிப்பிளைத் திறந்து, காற்றுக் குமிழி வெளியேறியதும் மூடவேண்டும். மூடுகிறவரை லீவரை விடக்கூடாது, விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இவர் இடது கையால் பிடித்திருந்தார். எல்லாம் முடிகிற நேரத்தில் நிப்பிள் திறந்திருக்கும்போதே விட்டுவிட்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். நிமிர்ந்து திட்டினேன். இவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு வெற்று வாயை மென்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க விட்டீங்க?"

"நான் விடவே இல்லியே."

விடவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். முதலிலிருந்து திரும்ப ஏர் எடுத்தோம். இந்தத் தடவை லீவரைக் கயிறு போட்டு நான் கட்டிவிட்டேன்.

வாயில் பாக்குகூட இல்லை.

மே 21, புதன்

இன்று பார்த்ததை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஹோஸை எந்த வழியாகக் கட்டினால் உரசாது என்று பார்க்க, மற்றவர்கள் பைக் படம் தேடி இவருடைய போனில் ரேஸ் குரூப்பைத் திறந்தேன். அதில் அன்றைய ரேஸை யாரோ எடுத்த வீடியோ கிடந்தது. இதுவரை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவுமில்லை. இன்று கை அதுவாக அமுக்கிவிட்டது.

அந்த வளைவுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். வேகம் குறைகிறது, உடம்பு சாய்கிறது, உள்பக்கக் கால் வெளியே வந்து மண்ணைத் தொடுகிறது. பிறகு இவர் வருகிறார். பிரேக் பிடிக்காதவன் என்ன செய்வான்? காலை நீட்டுவான், ஹேண்டிலை ஒடிப்பான், குதிக்கப் பார்ப்பான், கத்தவாவது செய்வான். இவர் ஒன்றும் செய்யவில்லை. கால் எடுக்கவில்லை. தலை திரும்பவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவர்போல் நேராக உட்கார்ந்து டயர் குவியலுக்குள் போகிறார்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இந்த முறை காலை நீட்டிவிடுவார் என்று தோன்றியது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பயத்தில் உறைந்திருப்பார். பயந்தால் அப்படி ஆகும். எனக்கே சில சமயம் ஆகியிருக்கிறது.

மே 24, சனி

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு சூம்பி வெளுத்திருக்கிறது. வந்ததும் வராததுமாக வேனைத் துடைக்கப் போய்விட்டார். கூட நான் நின்றேன். தலை சுற்றல், மயக்கம் ஏதாவது இருக்குங்களா, டாக்டரிடம் கேட்டீங்களா என்றேன். கை டாக்டரிடம் தலையைப் பற்றி எதற்குக் கேட்பது என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மே 26, திங்கள்

மளிகைக் கடையில் மகிழினியின் அம்மாவைப் பார்த்தேன். இவர் வேனில் வருகிற குழந்தை, இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அண்ணனுக்குக் கை சரியாயிடுச்சுங்களா, இனி பயமில்லை என்று அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை என் முந்தானையை இழுத்தாள்.

"அங்கிள் மறுபடியும் ஸ்டேச்சூ விளையாடுவாங்களா ஆன்ட்டி?"

சிலைபோல் அசையாமல் நிற்கிற அந்த விளையாட்டை இவர் எங்கே விளையாடினார் என்று எனக்குப் புரியவில்லை. அவளுடைய அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். மார்ச் மாதம் ஒருநாள் வேன் இவர்கள் வீட்டு வாசலில் நிற்காமல் போய்விட்டதாம். பிள்ளைகளெல்லாம் அங்கிள், அங்கிள் என்று கத்தியிருக்கிறார்கள். இவர் திரும்பவேயில்லை. நான்கு ரோடு சந்திப்பைத் தாண்டி, சாக்கடை ஓரம் சக்கரம் இறங்கி வண்டி தானாக நின்றிருக்கிறது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாராம். அங்கிள் நீங்க ஸ்டேச்சூவா என்று மகிழினி கேட்டிருக்கிறாள். ஆமா கண்ணு, ஸ்டேச்சூதான் என்றாராம்.

பிள்ளைகளோட பிள்ளையா விளையாடறாருங்க அண்ணன் என்றாள் அந்த அம்மா.

நான் வாங்க வந்த பருப்பை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால், கையில் டம்ளர், பதினேழாம் நம்பர் ஸ்பானர், நிப்பிள் மூடுவதற்கு முன் விட்ட லீவர். எல்லாவற்றையும் நானே இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது என் கண் எங்கே போயிருந்தது? பின்சீட்டுவரை நெருக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். நான்கு ரோட்டில் அந்த நேரத்தில் ஒரு லாரி வந்திருந்தால்?

மே 27, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வீடியோ, வேன், பால், எல்லாம் சொன்னேன். நரம்பு டாக்டரிடம் போவோம், அதுவரை வேனைத் தொடவேண்டாம் என்றேன்.

இவர் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. என்னை வலிப்புக்காரன்னு ஊரெல்லாம் சொல்லப்போறியா என்றார். வேனும் போய், பைக்கும் போய், வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்யட்டும் என்றார். பிரேக் போச்சு, அவ்வளவுதான், என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போது என் கண்ணை நேராகப் பார்த்தார். பொய் சொல்கிற ஆள் அப்படிச் சொல்லமாட்டான். இவர் நிஜமாகவே நம்புகிறார்.

கடைசியில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் பைக்கை ஓட்டிக் காட்டுகிறேன், நீயே நின்று பார், சொன்ன இடத்தில் நிறுத்தவில்லை என்றால் வேனை விட்டுவிடுகிறேன் என்று. நான் சம்மதித்தேன். நிறுத்திவிடவேண்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நிறுத்திவிட்டால் மறுநாள் வேனை எடுப்பாரே என்றும் அடித்துக்கொள்கிறது.

மே 31, சனி

பிரேக்கை முழுக்கச் சரிபார்த்தேன். போல்ட்டு ஒவ்வொன்றையும் இறுக்கினேன். லீவர் கல்லுமாதிரி நிற்கிறது. நாளைக்கு என்ன நடந்தாலும் பழி இந்தப் பிரேக்கின்மேல் விழக்கூடாது.

ஜூன் 1, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் சைட் போட்டு விற்காமல் கிடக்கிற மனைகள். ஒரு மூலையில் யாரோ வீடு கட்ட எம்-சாண்ட் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு எல்லைக்கல். நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க, எனக்கு முன்னால் வந்து நிறுத்துவதாகப் பேச்சு. வேகமாக வரவேண்டாம், ஹெல்மெட்டைக் கழற்றவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முதல் தடவை வந்தார். கல்லுக்கு முன்னால் பிரேக் பிடித்தார். ஃபோர்க் அழகாக அமுங்கி எழுந்தது, புழுதி என் காலில் வந்து விழுந்தது. ஹெல்மெட்டுக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. எல்லாம் என் கற்பனை என்று நினைத்தேன், கடவுளே அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை வரும்போது என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பிரேக் பிடிக்கவேண்டிய இடம் தாண்டியது. என்னையேதான் பார்க்கிறார். ஆனால் அந்தக் கண்ணில் நான் இல்லை. நான் கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. வலது கை விரல்கள் லீவர்மேலேயே கிடக்கின்றன, மடங்கவில்லை. நான் பக்கவாட்டில் விழுந்தேன். பைக் நான் நின்ற இடத்தின்மேல் ஏறிப்போய் மணலில் புதைந்தது.

நான் ஓடிப்போனபோது மணலில் மல்லாந்து கிடந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணில் வெளிச்சம் வந்தது. என்னையும் பைக்கையும் பார்த்தார்.

"பிரேக் புடிக்கல, ரேணு."

அதே வார்த்தை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் கையால் மாட்டிய பிரேக். சரிங்க, நான்தான் எங்கேயோ தப்பாக மாட்டியிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவருக்கு மானம் பிழைத்துவிடும். ஜாபர் அண்ணன் அதைத்தானே செய்தார். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை.

ஜாபர் அண்ணனுக்குப் போன் செய்தேன். பைக் விழுந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அடித்துப் பிடித்து வந்தார். இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மூச்சு வந்தது அவருக்கு. பைக்குப் பக்கத்தில் மட்டும் வரமாட்டேன் என்று நின்றார்.

"அண்ணா, இது நான் மாட்டுன பிரேக்கு. எனக்கோசரம் ஒருக்கா புடிச்சுப் பாருங்க."

அவர் இவரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனும் நானும் பைக்கை மணலிலிருந்து இழுத்து, கல்லின்மேல் இஞ்சினைத் தூக்கி வைத்தோம். நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஜாபர் அண்ணன் லீவரைத் தொட்டார். நின்றது. இன்னும் வேகமாகச் சுற்றிவிட்டேன். நின்றது. பழைய பிரேக்கும் இதே மாதிரிதான் இருந்தது அண்ணா, கழற்றும்போது நான் பிடித்துப் பார்த்தேன் என்றேன்.

அவர் லீவரை விடாமல் நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"ராத்திரியெல்லாம் அந்த நட்டு போல்ட்டத்தாம்மா நெனச்சுக்கிட்டிருந்தேன். எந்த நட்ட இறுக்காம விட்டேன், எந்த நட்ட இறுக்காம விட்டேன்னு."

இவர் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, தானே சக்கரத்தைச் சுற்றி, தானே லீவரைப் பிடித்தார். நின்ற சக்கரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கத்துனியா, ரேணு?"

"கத்துனனுங்க. தொண்ட கிழியக் கத்துனேன்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கல." குரல் உடைந்துவிட்டது. "கல்லுக்கிட்ட நீ நின்னுட்டிருந்த. அப்புறம் மணல்ல கெடக்கறேன். நடுவுல ஒண்ணுமே இல்ல."

ஜாபர் அண்ணன் இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கும் இவரே போன் செய்தார். எனக்கு நினைவு தப்புதுங்க, இனி நான் ஓட்டக் கூடாதுங்க என்று தெளிவாகச் சொன்னார். வேறு டிரைவர் சாயங்காலமே வந்து வேனை எடுத்துப்போனார். நரம்பு டாக்டரைப் பார்க்க நாளைக்குக் காலையில் போகிறோம்.

ஜூன் 2, திங்கள்

வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். சத்தம் கேட்டதும் இவர் கேட்டுக்குப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன்.

பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் ஏறிக்கொண்டு அங்கிள், அங்கிள் என்று கையாட்டினார்கள். இவரும் கையைத் தூக்கினார். அப்போது மகிழினி தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஸ்டேச்சூ!"

இவர் அப்படியே நின்றார். தூக்கிய கை தூக்கியபடி, கண் இமைக்காமல், ஒரு விரல்கூட அசையாமல். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். வேன் போய்க்கொண்டே இருந்தது. தெருமுனையில் திரும்பி மறைந்தது. சிரிப்புச் சத்தமும் நின்றுவிட்டது. இவர் கை இன்னும் மேலேயே இருந்தது.

என் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. முன்னால் போய் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏனுங்க என்றேன். சத்தமே வரவில்லை. ஏனுங்க என்று இன்னொரு தடவை சொன்னேன்.

கை மெல்ல இறங்கியது. திரும்பினார். கன்னமெல்லாம் ஈரம்.

"இது வெளையாட்டுக்குத்தான், ரேணு."

குனிந்து பையை எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாப்வரைக்கும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். தெருவில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது.